அம்மா எழும்பும் வரைக்கும் முழிச்சிருக்காதீங்க மகள்

கேள்வி:

"மிஸ், என்ட ஊர் திருகோணமலை. கம்பஸில மூண்டாம் வருசம். ஒரு செமஸ்டர் ஜேர்மனியில, நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில படிக்க ஸ்கொலர்ஷிப் கிடைச்சு ஒக்டோபர் 1ம் திகதி வந்தன், இண்டைக்கு 16வது நாள். எங்கட வீட்டில வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அப்பா கடலுக்குப் போறவர், டிக்கட்டுக்கு அம்மாட காப்பைத்தான் அடகு வச்சது. வந்த கிழமையே ஒரு லீவு நாளும் ஞாயிறும் வந்து கடையெல்லாம் பூட்டு, பிஸ்கட்டோடதான் இருந்தன். கூட இருக்கிற ரெண்டு பிள்ளைகளும் ஹலோ சொல்லிட்டு கதவைச் சாத்திடுவாங்க. முதல் லெக்சருக்கு 10 மணிக்குப் போனா ஹோலில ஒருத்தரும் இல்ல, பிறகுதான் வந்தாங்க, முடியேக்க எல்லாரும் மேசையில தட்டினாங்க, லெக்சரரோட கோபமாக்கும் எண்டு பயந்திட்டன். பாதிக்கு மேல விளங்கேல்ல. இன்சூரன்ஸ் கார்ட் தபாலில வரும் எண்டாங்க, இன்னும் வரேல்ல. ரூமும் குளிர். இரவில அம்மா எழும்பும் வரைக்கும் முழிச்சிருந்து கதைச்சிட்டுத்தான் படுக்கிறன், எல்லாம் நல்லா இருக்கு எண்டு பொய் சொல்லுறன். இன்டர்நெட்டில முதல் மாசம் தேனிலவு மாதிரி இருக்கும், கஷ்டமெல்லாம் பிறகுதான் எண்டு போட்டிருக்கு. எனக்கு முதல் நாளே அழுகை. எனக்கு ஏதும் பிழையா மிஸ்? திரும்பி வந்திடவா?"

பதில்:

மகள், கேட்ட ரெண்டு கேள்விக்கும் முதல்ல நேராவே சொல்லிடுறன். உங்களில ஒரு பிழையும் இல்ல. இப்ப திரும்பி வராதீங்க. ஒரு நாளும் வரக்கூடாது எண்டு நான் சொல்லேல்ல, அதைப் பற்றிப் பிறகு கதைப்பம், ஆனா 16வது நாளில அந்த முடிவை எடுக்க வேணாம்.

உங்கட கடிதத்தை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். பசி, குளிர், லெக்சர் எல்லாம் எழுதியிருக்கிறீங்க, ஆனா எனக்கு மனசில தைச்சது அம்மா எழும்பும் வரைக்கும் முழிச்சிருக்கிறன் எண்ட அந்த ஒரு வரிதான். அம்மா எழும்பிற நேரம் இங்க விடிய 4.30 எண்டு வைப்பம், கடலுக்குப் போறவங்கட வீட்டில அடுப்பு மூட்டுற நேரம் அதுதானே. அங்க அப்ப இரவு 1 மணி. அந்தப் பேய்க் குளிருக்குள்ள கட்டிலில குந்திக்கொண்டு போனைப் பாத்து, இப்ப எழும்பியிருப்பா, இப்ப முகம் கழுவுறா எண்டு காவல் இருக்கிறீங்க. அதை வாசிக்க எனக்கே அழுகை வந்திட்டுது. உங்கட உடம்புதான் அங்க போயிருக்கு, நாள் இன்னும் இங்க எங்கட வீட்டு முத்தத்திலதான் விடியுது.

அந்தத் தேனிலவுக் கதையை முதல்ல முடிச்சிடுவம், ஏனெண்டா உங்களைப் போல கன பிள்ளைகளை அதுதான் கூடப் பயப்படுத்துது. புது நாட்டுக்குப் போனா முதல் சந்தோசம், பிறகு விழுந்து, பிறகு மெல்ல எழும்பும் எண்டு ஒரு கோடு கீறிக் காட்டுவாங்க. அது 1950களில வந்த ஒரு யோசனை, கன புத்தகத்தில ஏறிட்டுது. ஆனா பிறகு ஆக்கள் அதைச் சோதிச்சுப் பாத்தவங்க. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பான் பிள்ளைகளை, போன உடனயும் பிறகு மாசக் கணக்கில இடைவெளி விட்டு விட்டும் கேட்டுப் பாத்து 1998ல ஒரு ஆய்வு வந்தது. அதில தெரிஞ்சது என்னண்டா, அந்தப் பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமா இருந்தது போய் இறங்கின அந்தத் துவக்கத்திலதான், பிறகு படிப்படியாக் குறைஞ்சு வந்தது. நீங்க அழுறது அந்த நேரத்திலதான். இனிமேலும் ஒரு பெரிய பள்ளம் காத்துக்கொண்டிருக்கு, முதல் நாளே இப்பிடியெண்டா அப்ப எப்பிடி இருக்குமோ எண்டு கணக்குப் போட்டிருப்பீங்க. அந்தக் கணக்கை விட்டிடுங்க.

அப்ப ஏன் இவ்வளவு களைப்பு எண்டு கேட்டா, அதுக்கு ஓபெர்க் எண்ட ஒரு மானிடவியலாளர் சொன்னதுதான் எனக்குப் பிடிச்ச விளக்கம். எங்கட சனத்துக்குள்ள நாங்க இருக்கேக்க ஆயிரம் சின்னச் சின்ன அடையாளங்கள் எங்களைக் கொண்டு நடத்துது, எப்ப கை குடுக்கிறது, எப்ப சிரிக்கிறது, ஒருத்தர் சொன்னதை எப்ப அப்பிடியே எடுக்கிறது எப்ப எடுக்கக் கூடாது, அதெல்லாம் ஒரே நாளில காணாமப் போறதுதான் அந்த அதிர்ச்சி எண்டார் அவர். யோசிச்சுப் பாருங்க, திருகோணமலை பஸ் ஸ்டாண்டில நிலாவெளி பஸ் எந்தப் பக்கத்தில நிக்கும், கொண்டக்டர் தலையை ஆட்டினா ஏறலாமா இல்லையா, கடைக்கார அண்ணை "பிறகு தாங்க" எண்டா மெய்யாவே பிறகு குடுக்கலாமா, இதெல்லாம் உங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்ல, யோசிக்காமலே தெரியும். அங்க ஒரு பாண் வாங்கிறதுக்கும் யோசிக்க வேணும். நாள் முழுக்க ஒவ்வொண்டையும் யோசிச்சு யோசிச்சுச் செய்தா பின்னேரம் ஆக மூளை களைச்சுப் போகும், களைச்ச மூளைக்கு எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்.

அதால உங்கட கடிதத்தில இருக்கிற சில அடையாளங்களுக்கு அர்த்தம் சொல்லிவிடுறன், நான் அங்க ஒரு ஆறு மாசம் பயிற்சிக்குப் போய் இருந்தனான், அப்ப எனக்கும் ஆரும் சொல்லித் தரேல்ல. மேசையில தட்டினது கோபத்தில இல்ல மகள், அதுதான் அங்க கம்பஸில கைதட்டு, லெக்சர் முடிஞ்சா விரல் முட்டியால மேசையில தட்டுவாங்க, நீங்களும் அடுத்த முறை தட்டுங்க. 10 மணி எண்டு போட்ட லெக்சர் 10.15க்குத் துவங்கிறது கன கம்பஸில பழைய வழக்கம், டைம்டேபிளில நேரத்துக்குப் பக்கத்தில சி.டி. எண்டு ரெண்டு எழுத்து இருந்தா அந்தக் கால் மணித்தியாலத்தைத்தான் சொல்லுது, எஸ்.டி. எண்டு இருந்தா சரியா அந்த நேரத்துக்கே துவங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிறது சட்டம், பெரிய ரெயில்வே ஸ்டேசனுக்குள்ள இருக்கிற கடையள், பெற்றோல் ஷெட் போல சிலதுதான் திறந்திருக்கும். உங்களுக்கு அம்பிட்ட அந்த லீவு ஒக்டோபர் 3, ரெண்டு ஜேர்மனியும் 1990ல ஒண்டாச் சேந்த நாள். நீங்க இருக்கிற மாநிலத்தில நவம்பர் 1ம் லீவுதான், ஒக்டோபர் கடைசிக்குள்ள அரிசி, முட்டை, பால், பருப்பு வாங்கி வச்சிருங்க. குழாய்த் தண்ணி நேரா குடிக்கலாம், போத்தில் தண்ணிக்குக் காசு போட வேணாம், வாங்கின பிளாஸ்டிக் போத்திலை எறியாம கடை மெசினில குடுத்தா பெரும்பாலும் ஒண்டுக்கு 25 சதம் திரும்பக் கிடைக்கும்.

ரூம் குளிர் எண்டு எழுதியிருக்கிறீங்க. ஹீட்டரைப் போடப் பயந்துதான் இருக்கிறீங்க எண்டு எனக்குத் தோணுது, பில் வரும் எண்டு. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க, ஹொஸ்டலில கனக்க இடங்களில ஹீட்டர் காசு வாடகைக்குள்ளயே சேந்திருக்கும். திருகிற குமிழில 3 எண்டு வச்சா கிட்டத்தட்ட 20 பாகை வரும், அது காணும். காலமையும் பின்னேரமும் ஹீட்டரை நிப்பாட்டிட்டு யன்னலை முழுக்கத் திறந்து 5, 10 நிமிசம் விட்டிட்டுப் பூட்டுங்க, இல்லாட்டி சுவரில பூஞ்சணம் பிடிக்கும்.

இப்ப நித்திரை. உங்களுக்கும் எங்களுக்கும் இப்ப மூண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம், அதுவும் மேற்குப் பக்கம் போனா உடம்பு கொஞ்சம் லேசாப் பழகும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நாள் எண்டு பொதுவாச் சொல்லுவாங்க, அப்பிடிப் பாத்தா வந்து அஞ்சாம் நாளே உங்கட உடம்பு அங்கத்தைய நேரத்துக்கு வந்திருக்க வேணும். வர விடாமப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்த 1 மணிக் கோல்தான். 1.30க்குப் படுத்து, 10 மணிக்கு எழும்பி, பின்னேரம் ஆகேக்கதான் ஆள் தெளியுறீங்க, அதுக்குள்ள இருட்டிடுது. அங்க ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பாங்க, அதுக்குப் பிறகு பின்னேரம் 5 மணிக்கே இருட்டும். டிசம்பரில பகல் 8 மணித்தியாலம்தான். வருசம் முழுக்க கிட்டத்தட்ட 12 மணித்தியாலப் பகலில வளந்த உடம்பு உங்கடது, அதுக்கு வெளிச்சம் இல்லாமப் போறது சின்ன விசயம் இல்ல, நீங்க சோகம் எண்டு நினைக்கிறதில ஒரு பங்கு வெளிச்சம் காணாததாலயும் வரும்.

அதால நாளைக்கே இதை மாத்துங்க. அம்மாவோட கதைக்கிறதை நிப்பாட்டச் சொல்லேல்ல, நேரத்தை மாத்தச் சொல்லுறன். அங்க பின்னேரம் 6 மணிக்கு எடுங்க, இங்க இரவு 9.30, சாப்பிட்டு முடிஞ்சு எல்லாரும் இருப்பாங்க. அந்தக் கடைசி ஞாயிறுக்குப் பிறகு வித்தியாசம் நாலரை மணித்தியாலம் ஆகும், அப்ப 5 மணிக்கு எடுங்க. ஒரு நாளைக்கு ஒரு கோல், அரை மணித்தியாலம். மற்ற நேரம் வட்ஸ்அப்பில வொய்ஸ் விடுங்க, படம் அனுப்புங்க, அது பரவாயில்ல. இரவு 11க்கு போனை மேசையில வச்சிட்டுப் படுங்க, கட்டிலுக்குக் கொண்டு போகாதீங்க. முதல் ரெண்டு மூண்டு இரவு நித்திரை வராது, முகட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பீங்க, அழுகையும் வரும், கிடக்கட்டும், ஆனா காலமை 7.30க்கு எழும்பியே ஆக வேணும், எழும்பி ஒரு அரை மணித்தியாலம் வெளிய நடக்க வேணும், மழையெண்டாலும். நாலாம் அஞ்சாம் நாள் உடம்பு தானாச் சரிஞ்சு படுக்கும்.

அடுத்தது தனிமை. இதில கொஞ்சம் நிண்டு கதைக்க வேணும்.

புது இடத்துக்குப் போற பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்லுறது, போய் ஃப்ரெண்ட்ஸ் பிடி, பார்ட்டிக்குப் போ, கூச்சப்படாத எண்டு. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது நீச்சல் தெரியாத ஆளை உள் துறைமுகத்தில தள்ளிவிட்ட மாதிரி. நான் அதைச் சொல்ல மாட்டன். தமிழில பழக்கம் எண்டு ஒரு சொல் இருக்குதானே, திரும்பத் திரும்பச் செய்யிறதுக்கும் அதுதான் சொல், ஆக்களைத் தெரிஞ்சு வச்சிருக்கிறதுக்கும் அதுதான் சொல், "அவரை எனக்குப் பழக்கம்" எண்டுறம். ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சவங்க அனுபவத்திலதான் வச்சிருக்க வேணும்.

டச் பே கடற்கரையில பின்னேரம் கச்சான் விக்கிற ஆக்களை யோசிச்சுப் பாருங்க. எத்தினை வருசமா அவங்களிட்ட வாங்கியிருப்பீங்க, பேர் கேட்டிருப்பீங்களா? நான் கேக்கேல்ல. நான் வழமையா வாங்கிறவர் சுருளைக் கட்ட முதலே நாலு கச்சானை என்ட கையில வைப்பார், ஒரு கதையும் இல்ல, ஆனா அவர் ரெண்டு நாள் வரேல்ல எண்டா எனக்கு என்னவோ போல இருக்கும், என்னைக் காணாட்டி அவருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். அது சினேகிதம் எண்டு சொல்லேலாது. ஆனா அப்பிடி ஒரு பத்துப் பேர் உங்களுக்கு இங்க இருந்தாங்க, பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில பூ விக்கிறவ, கம்பஸ் கன்ரீனில தேத்தண்ணி ஊத்துறவர், பக்கத்து வீட்டு அம்மம்மா, அந்தப் பத்துப் பேரையும்தான் நீங்க இப்ப தேடுறீங்க, ஆனா ஃப்ரெண்ட்ஸ் இல்ல எண்டு நினைக்கிறீங்க.

இதை அமெரிக்காவில ஒரு கம்பஸில சோதிச்சே பாத்திருக்கிறாங்க, 1992ல வந்த ஆய்வு. ஒரே மாதிரித் தோற்றம் உள்ள நாலு பெண்களை எடுத்தாங்க, ஒரு வகுப்புக்குள்ள ஒருத்தி ஒருக்காலும் போகேல்ல, ஒருத்தி 5 தரம், ஒருத்தி 10 தரம், ஒருத்தி 15 தரம், ஆரோடயும் கதைக்கக் கூடாது, வந்து இருந்திட்டுப் போக வேணும், அவ்வளவுதான். முடிவில வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு பேரின்ட படத்தையும் காட்டினா, கூடத் தரம் வந்தவவைத்தான் கூடப் பிடிச்சிருக்கு எண்டாங்க. ஒரு சொல்லும் கதைக்காம. கூச்சப்படுற எந்தப் பிள்ளைக்கும் நான் இதைத்தான் முதல்ல சொல்லுறது.

அப்ப நீங்க செய்ய வேண்டியது இதுதான். கம்பஸ் சாப்பாட்டுக் கூடத்தை மென்ஸா எண்டு சொல்லுவாங்க, வெளிக் கடையை விட அங்க மலிவு, ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரே நேரத்துக்குப் போய் ஒரே பக்கத்தில இருந்து சாப்பிடுங்க. லெக்சரில ஒரே வரிசையில ஒரே கதிரை, முன்னுக்கு மூண்டாவது நாலாவது வரிசையா இருந்தா இன்னும் நல்லம். பாண் ஒரே கடையில வாங்குங்க, ஒரே ஆளிட்ட, "குட்டன் மோர்கன்" சொல்லி வாங்குங்க. லைப்ரரியில ஒரே மேசை. வேற ஒண்டும் இப்ப வேணாம். மூண்டு கிழமையில பக்கத்துக் கதிரைப் பிள்ளை தானா ஒரு பேனை கேப்பா, இல்லாட்டி நீங்க கேப்பீங்க.

கூட இருக்கிற ரெண்டு பிள்ளைகளும் கதவைச் சாத்திறதை நீங்க ஒதுக்கிறதா எடுத்திருக்கிறீங்க. எங்கட ஊரில சாத்தின கதவெண்டா கோபம், இல்லாட்டி துக்கம், மற்றும்படி வாசல் திறந்துதான் கிடக்கும். அங்க சாத்தின கதவு சும்மா சாத்தின கதவுதான், ஆரும் அதை ஒரு செய்தியா அனுப்பேல்ல, தட்டினா திறப்பாங்க. நீங்க என்ன செய்யிறீங்க எண்டும் எனக்குத் தெரியும், சமைச்ச கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள்ள போய்ச் சாப்பிடுறீங்க, அவங்களும் உங்களைப் பாத்து இந்தப் பிள்ளைக்குத் தனிய இருக்கத்தான் விருப்பம் எண்டு நினைச்சிருப்பாங்க. குசினி மேசையில இருந்து சாப்பிடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு பருப்புக் கறியும் சோறும் கொஞ்சம் கூட வச்சு, வேணுமா எண்டு ஒருக்கா மட்டும் கேளுங்க. வேணாம் எண்டா அங்க அது வேணாம்தான், எங்கட ஆக்களைப் போல மூண்டு தரம் கேக்கோணும் எண்டு இருக்கிறேல்ல, அதால நீங்களும் அவங்க ஒருக்கா வாங்க எண்டு கூப்பிட்டா வேணாம் எண்டு சொல்லிட்டு ரெண்டாம் தரம் கூப்பிடுவாங்க எண்டு பாத்துக்கொண்டு இருக்காதீங்க, கூப்பிட மாட்டாங்க, உடன ஓம் எண்டுங்க. செத்தல் மிளகாய் தாளிக்கேக்க மட்டும் குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறந்து வைங்க, புகை மணி அடிச்சா முழு மாடியும் வெளிக்கிட்டு நிக்கும்.

லெக்சர் பாதி விளங்கேல்ல எண்டது முதல் கிழமைக்கு நல்ல கணக்குத்தான். காது பழகோணும், அது உங்கட கெட்டித்தனத்தோட சம்பந்தம் இல்லாத விசயம், அவங்க பேசுற இங்கிலீசின்ட இழுப்பு உங்களுக்குப் புதுசு. ஸ்லைட்டை முதல் நாளே எடுத்து வாசிச்சிட்டுப் போங்க. லெக்சரருக்கு ஒபீஸ் நேரம் எண்டு கிழமையில ஒண்டு இருக்கும், மெயில் போட்டு ஒரு நேரம் எடுத்து, எக்ஸ்சேஞ்சில வந்தனான், இந்தப் பாடத்துக்கு முதல் என்ன வாசிச்சிருக்கோணும் எண்டு கேளுங்க, அங்க கேக்கிறதை மரியாதைக் குறைவா எடுக்க மாட்டாங்க. பாடம் மெய்யாவே பொருந்தேல்ல எண்டா மாத்தலாம், ஆனா முதல் சில கிழமைக்குள்ளதான், இங்க கம்பஸிலயும் கையெழுத்து வேணும், அதால இப்பவே இன்டர்நேசனல் ஒபீஸுக்குப் போய்க் கேளுங்க. இன்னொண்டு, அங்க சோதினைக்கு வேறயா பதிய வேணும், வகுப்புக்குப் போனா தானா சோதினைக்குப் பேர் வரும் எண்டு நினைச்சுக் கடைசித் திகதியை விட்ட பிள்ளைகள் இருக்கு. திகதியை இண்டைக்கே பாத்து சுவரில எழுதி ஒட்டுங்க.

காசு. ஒவ்வொண்டையும் ரூபாயில பெருக்கிப் பாத்து திரும்ப வச்சிட்டு வாறீங்க, சரிதானே? அந்தப் பெருக்கலை இந்த மாசம் நிப்பாட்டுங்க. ஸ்கொலர்ஷிப் காசு யூரோவில வருது, செலவும் யூரோவில போகுது, வாடகையும் இன்சூரன்சும் போக மிச்சத்தை நாலாப் பிரிச்சு ஒரு கிழமைக்கு இவ்வளவு எண்டு எடுங்க, அதுக்குள்ள நிண்டாக் காணும். அம்மாட காப்பு அடகில இருக்கு எண்டதுக்காக நீங்க பிஸ்கட் திண்டா காப்பு மீளாது. நீங்க சாப்பிட்டு நித்திரை கொண்டு அந்த சோதினையளைப் பாஸ் பண்ணினாத்தான் அந்தக் காப்புக்குப் பெறுமதி.

கோவில் வேணும் எண்டு மனம் தேடினா, உங்கட மாநிலத்திலயே ஹம் நகரத்தில காமாட்சி அம்பாள் கோவில் இருக்கு, கோபுரத்தோட, 2002ல கும்பாபிஷேகம் நடந்தது, கட்டினது எங்கட நாட்டில இருந்து போன சனம்தான். ஸ்டேசனில இறங்கி பஸ் எடுக்க வேணும். செமஸ்டர் கட்டணத்தோட உங்களுக்கு ரெயில் டிக்கட் வந்திருந்தா அதிலயே போகலாம், ஐசிஇ, ஐசி எண்டு போட்ட தூரப் பயண ரெயில்களில மட்டும் ஏறாதீங்க, அதுகளில அது செல்லாது. அந்தப் பக்கத்து நகரங்களில தமிழ்க் கடையளும் இருக்கு, கறித்தூள், மாசி, இடியப்ப மா எல்லாம் வாங்கலாம். போங்க, மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் போங்க, அம்மாளாச்சியைக் கும்பிட்டு சோறும் சாப்பிட்டு தமிழில கதைச்சிட்டு வந்தா ஒரு கிழமைக்கு அது காணும். ஒவ்வொரு சனி ஞாயிறும் ஓடினா மட்டும் ஹொஸ்டல் குசினி பழகாமலே போகும்.

அம்மாவுக்குச் சொல்லுற பொய். இது உங்களைக் குளிரை விட வாட்டுது எண்டு நினைக்கிறன். நான் கன தாய்மாரோடயும் கதைக்கிறவள், அதால சொல்லுறன், அம்மாவுக்குத் தெரியும். விடிய 4.30க்குப் பிள்ளை கோல் எடுக்குது, அங்க நடுச்சாமம் எண்டு அப்பா கட்டாயம் கணக்குப் பாத்திருப்பார், கடலுக்குப் போறவர் நேரக் கணக்கில பிழை விட மாட்டார். ரெண்டு பேரும் உங்களுக்கு நோகக் கூடாது எண்டு நம்பின மாதிரி இருக்கிறாங்க, நீங்களும் அவங்களுக்கு நோகக் கூடாது எண்டு சிரிக்கிறீங்க, மூண்டு பேரும் தனித்தனியா அழுறீங்க. எல்லாத்தையும் கொட்டச் சொல்லேல்ல. ஒரு கஷ்டத்தையும், அதுக்கு நீங்க என்ன செய்யிறீங்க எண்டதையும் சேத்துச் சொல்லுங்க. "அம்மா, முதல் ரெண்டு கிழமை எனக்குச் சரியான கஷ்டமா இருந்தது, நித்திரை இல்ல, இப்ப நேரத்துக்குப் படுக்கத் துவங்கியிருக்கிறன், அதாலதான் பின்னேரம் எடுக்கிறன்." இவ்வளவும் காணும். அம்மா அழுவா, அழட்டும், அடுத்த நாள் பருப்புக்கு எவ்வளவு தண்ணி விடுறது எண்டு கேளுங்க, அவவுக்குச் செய்யிறதுக்கு ஒரு வேலை கிடைக்கும், தாய்மாருக்கு அதுதான் மருந்து.

ஒண்டை மட்டும் கண்டிப்பாச் சொல்ல வேணும். நேரத்துக்குப் படுத்து, வெளிய நடந்து, மென்ஸாவில சாப்பிட்டும் ரெண்டு கிழமைக்கு மேல நித்திரையோ சாப்பாடோ வரேல்ல, ரூமை விட்டு வெளிக்கிட ஏலாம இருக்கு எண்டா, அது ஊர் நினைப்பு மட்டும் இல்ல, ஆக்களிட்ட காட்ட வேணும். அங்க ஹொஸ்டலையும் மென்ஸாவையும் நடத்திற மாணவர் சேவை நிறுவனங்கள் கன இடங்களில உளவளத்துணையும் வச்சிருக்கு, கம்பஸிலயும் இருக்கும், நீங்க சொல்லுறது வெளிய போகாது, மார்க்ஸிலயும் ஏறாது. இரவில மனம் தாங்கேலாம வந்தா 0800 111 0 111, காசில்லாம 24 மணித்தியாலமும் எடுக்கலாம். செத்திடலாம் எண்ட நினைப்பு ஒருக்கா வந்தாலும் அதைப் பிறகு பாப்பம் எண்டு விடாதீங்க, அண்டைக்கே ஒரு ஆளிட்ட சொல்லுங்க, உடன ஆபத்து எண்டா 112. இங்க இருந்து இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு 1926 இருக்கு, தமிழில கதைக்கக் கேளுங்க.

திரும்பி வாறதைப் பற்றி. நவம்பர் 15ஐக் கலண்டரில போடுங்க. அது வரைக்கும் அந்தக் கேள்வியை எடுக்க வேணாம், இரவில எழும்பி வந்தா நவம்பர் 15க்குப் பாப்பம் எண்டு சொல்லிட்டுத் திரும்பிப் படுங்க. அண்டைக்குப் பகலில, சாப்பிட்டிட்டு, இன்டர்நேசனல் ஒபீஸில ஒரு ஆளோட இருந்து யோசிங்க. அப்பயும் வரத்தான் வேணும் எண்டு பட்டா வாங்க மகள், ஒரு குறையும் இல்ல, ஊர் நாலு நாள் கதைக்கும், அவ்வளவுதான். அம்மாவோட கதைக்கிறதுக்கு நானும் வாறன்.

கடைசியா அந்த இன்சூரன்ஸ் கார்ட். கீழ வாசலில தபால் பெட்டி வரிசையா இருக்கும், அதில உங்கட பேர் ஒட்டியிருக்கா எண்டு போய்ப் பாருங்க. அங்க கன கட்டடங்களில உள்ளுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் எண்டு ஒண்டும் இல்ல, தபால்காரர் பெட்டியில இருக்கிற பேரைப் பாத்துத்தான் போடுவார், பேர் இல்லாட்டி கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். உங்கட கார்ட்டும் அப்பிடித்தான் ஒருக்கா வந்து போயிருக்கும் எண்டு நான் நினைக்கிறன். இன்சூரன்சுக்கு ஒரு மெயில் போட்டு திரும்ப அனுப்பச் சொல்லுங்க. நகரசபையில விலாசம் பதியிற அலுவல், அன்மெல்டுங் எண்டுறது, வந்து ரெண்டு கிழமைக்குள்ள செய்ய வேணும், அப்பொயின்ட்மென்ட் கிடைக்கேல்ல எண்டா எடுத்த திகதியின்ட மெயிலைக் கவனமா வச்சிருங்க, பாஸ்போர்ட்டும் வீட்டுக்காரர் கையெழுத்து வச்ச கடிதமும் கொண்டு போக வேணும். பிறகு டிவி ரேடியோ கட்டணம் எண்டு மாசம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும், ஏமாத்து எண்டு கிழிச்சுப் போடாதீங்க, அது வீட்டுக்கு ஒண்டு, ஏற்கனவே ஆரும் கட்டினமோ எண்டு கூட இருக்கிற பிள்ளைகளிட்ட கேளுங்க, கதவைத் தட்டுறதுக்கு அது ஒரு நல்ல சாட்டும்.

பெட்டியில பேர் போடேக்க எங்கட ஆக்களைப் போல முன்னெழுத்துப் போட்டுச் சுருக்காதீங்க, பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரி அப்பாட பேரையும் உங்கட பேரையும் முழுசா, ஆங்கில எழுத்தில, பெரிசா எழுதி, மேல செலோடேப் ஒட்டுங்க. நீளம் கூடி ஒரு வரியில கொள்ளாட்டி ரெண்டு வரியா எழுதுங்க. ஒட்டினாப் பிறகு ஒரு போட்டோ எடுத்து, எங்கட நேரம் இரவு 9.30க்கு, அப்பா வீட்டில இருக்கிற நேரமாப் பாத்து அனுப்புங்க.